வில்லியம்சன் பெருக்கி: வால்வுக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே ஓர் இரும்பு

1947-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், இங்கிலாந்திலிருந்து வெளிவந்த ‘வயர்லெஸ் வேர்ல்டு’ என்னும் மாத இதழில், உயர்தரமான பெருக்கி ஒன்றை வீட்டிலேயே அமைத்துக்கொள்வது பற்றிய கட்டுரை ஒன்று வெளியாயிற்று. அதன் எஞ்சிய பகுதி மே மாத இதழில் வந்தது. எழுதியவர் டி. டி. என். வில்லியம்சன். வயது 24. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பயின்றவர். ஆனால் பட்டம் பெறாதவர். போர்க்காலத்தில் மார்க்கோனி-ஆஸ்ரம் வால்வுத் தொழிற்சாலையில் பணியாற்றியபோது, ஓய்வு நேரத்தில் இசைத்தட்டுகளை நல்ல முறையில் கேட்பதற்காகச் செய்து பார்த்த சோதனைகளே அந்தக் கட்டுரைக்கு மூலம்.

அந்தப் பெருக்கியின் திறன் 15 வாட். இன்று கடைகளில் விற்கும் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் பெட்டிகளின் அட்டையில்கூட இதைவிடப் பெரிய எண்ணை அச்சிடுகிறார்கள். ஆயினும் 1947-க்குப் பிறகு ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்கு, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வீட்டில் நல்ல இசை கேட்க விரும்பியவர்களுக்கு இதுவே அளவுகோலாக இருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் தாங்களே பற்றுவைத்து இதை அமைத்தார்கள்.

வால்வுப் பெருக்கிகளுக்கு இன்று மீண்டும் ஒரு மவுசு வந்திருக்கிறது. பழைய வானொலிப் பெட்டியைப் பழுது பார்க்கும் இளைஞர்கள் உண்டு. பல்லாயிரம் ரூபாய் கொடுத்துப் புதிய வால்வுப் பெருக்கி வாங்குவோரும் உண்டு. இவர்களில் பெரும்பாலோர், நல்ல ஒலியின் இரகசியம் ஒளிரும் அந்தக் கண்ணாடிக் குமிழுக்குள் இருக்கிறது என்று நம்புகிறார்கள். எந்த நாட்டில், எந்த ஆண்டில் செய்த வால்வு என்று தேடித் தேடி வாங்குகிறார்கள். வில்லியம்சன் கட்டுரையைப் படித்தவர்கள் இந்த நம்பிக்கையைக் கைவிட்டுவிடுவார்கள். அவர் கவலைப்பட்டது வால்வைப் பற்றி அன்று. வால்வுக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் ஓர் இரும்புத் துண்டைப் பற்றி. அது ஏன் என்பதே இக்கட்டுரையின் பொருள். (பெருக்கி என்று இங்கே குறிப்பது ஆம்ப்ளிஃபயரை, ஸ்பீக்கரை ஒலிபெருக்கி என்றே அழைப்போம்.)

ஒவ்வாத இருவர்

வால்வின் பிறப்பை விரிவாகக் கூற வேண்டியதில்லை. கல்லூரி இயற்பியல் நூல்களில் ஒரு காலத்தில் அதற்கென்று தனி அத்தியாயமே இருந்தது. 1904-இல் பிளெமிங் இருமுனை வால்வை அமைத்தார். 1906-இல் அமெரிக்கரான லீ டி பாரஸ்ட், சூடான எதிர்மின்வாய்க்கும் நேர்மின்வாய்க்கும் இடையே மூன்றாவதாக ஒரு கம்பி வலையை வைத்தார். கிரிட் என்னும் இந்த வலையில் சிறிய மின்னழுத்த மாற்றம் நேர்ந்தால், வால்வின் வழியே பாயும் எலெக்ட்ரான் ஓட்டத்தில் பெரிய மாற்றம் நேரும். பெருக்கம் என்பது இவ்வளவுதான்.

ஆனால் வால்வு வேலை செய்வது நூற்றுக்கணக்கான வோல்ட்டில். அதில் பாயும் மின்னோட்டமோ சில பத்து மில்லிஆம்பியர். ஆகவே தன் திறனை நன்றாக வெளியிட அதற்குச் சில ஆயிரம் ஓம் அளவுள்ள சுமை வேண்டும். மறுபுறம், ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் 1925-இல் வெளியிட்ட அமைப்பையே இன்றைய ஒலிபெருக்கிகளும் பெரும்பாலும் பின்பற்றுகின்றன: ஒரு காந்தத்தின் இடைவெளியில் அசையும் சுருள், அதனோடு ஒட்டிய காகிதக் கூம்பு. அசைய வேண்டிய சுருள் இலேசாக இருக்க வேண்டும். எனவே அதில் சுற்றுகள் குறைவு. அதன் மின்னெதிர்ப்பும் நான்கு, எட்டு அல்லது பதினாறு ஓம்தான். இந்தச் சுருளை நேரடியாக வால்வோடு இணைத்தால், வால்வின் திறனில் பெரும்பகுதி வால்விலேயே வெப்பமாக வீணாகும். யானைக்கும் பூனைக்கும் ஒரே நுகத்தடியைப் பூட்டிய கதைதான்.

இருவரையும் இணைத்து வைக்கும் தரகர், வெளியீட்டு மின்மாற்றி. மின்மாற்றியின் சுற்று விகிதத்தின் வர்க்கத்தால் மின்னெதிர்ப்பு பெருகித் தெரியும் என்பது பாடநூல் விதி. வில்லியம்சன் தம் வெளியீட்டு வால்வுகளுக்குத் தேர்ந்தெடுத்த சுமை 10,000 ஓம். ஒலிபெருக்கி 16 ஓம் என்றால், 10,000-ஐ 16-ஆல் வகுக்க 625 வருகிறது. அதன் வர்க்கமூலம் 25. ஆக முதன்மைச் சுருளில் 25 சுற்றுக்கு, துணைச் சுருளில் ஒரு சுற்று. கணக்கு மிக எளிது. தொல்லை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

வீட்டுக்கு மின்சாரம் தரும் மின்மாற்றி 50 ஹெர்ட்ஸ் என்னும் ஒரே அதிர்வெண்ணில் வேலை செய்தால் போதும். இசைக்கான மின்மாற்றியோ 30 ஹெர்ட்ஸ் தொட்டு 15,000 ஹெர்ட்ஸுக்கு அப்பாலும் ஒரே சீராக நடந்துகொள்ள வேண்டும். தாழ்ந்த சுரங்களுக்கு முதன்மைச் சுருளின் மின்தூண்டல் மிகுதியாக இருக்க வேண்டும்; அதற்கு நிறையச் சுற்றுகளும் நிறைய இரும்பும் வேண்டும். ஆனால் சுற்றுகளைக் கூட்டக் கூட்ட, ஒரு சுருளில் தோன்றி மறு சுருளைச் சேராமல் கசிந்து போகும் காந்தப்புலமும் கூடுகிறது. அடுக்குகளுக்கிடையே மின்தேக்குதிறனும் சேர்கிறது. இவ்விரண்டும் உயர்ந்த சுரங்களைத் தின்றுவிடும். இரும்புக்கும் ஒரு குணம் உண்டு: செலுத்தும் காந்தவிசைக்குச் சரியான விகிதத்தில் அது காந்தமாவதில்லை. ஆகவே மின்மாற்றியே தன் பங்குக்கு ஒலியின் உருவைச் சிதைக்கும்.

சிதைவு என்றால் என்ன என்பதைச் சுரங்களைக் கொண்டே விளக்கலாம். 240 ஹெர்ட்ஸில் ஒரு ஷட்ஜம் ஒலிக்கிறது என்று கொள்வோம். பெருக்கி நேர்விகிதத்தில் வேலை செய்யாவிட்டால் 480, 720, 960 என்று மடங்கு அதிர்வெண்கள் தாமாகத் தோன்றும். 480 மேல் ஷட்ஜம். 720 அதற்கு மேலுள்ள பஞ்சமம். இவை காதை உறுத்துவதில்லை. சுருதியோடு கலந்து ஒலிக்குக் கனம் கூட்டுவனபோலவும் தோன்றும். ஏழாவது மடங்கான 1,680-ஐப் பாருங்கள். அது கைசிகி நிஷாதத்துக்குச் சற்றுக் கீழே, எந்தச் சுரஸ்தானத்திலும் உட்காராமல் தொங்குகிறது. இதைவிடக் கொடியது வேறொன்று. நாதஸ்வரமும் தவிலும் போல இரண்டு ஒலிகள் சேர்ந்து வரும்போது, அவற்றின் அதிர்வெண்களின் கூடுதலும் கழித்தலுமாகப் புதிய ஒலிகள் பிறக்கும். 1,000, 1,100 ஆகிய இரண்டு அதிர்வெண்களை உள்ளே கொடுத்தால் 100, 900, 1,200, 2,100 என்று அழையாத விருந்தாளிகள் வந்து சேர்கிறார்கள். தனிக்குரல் கேட்க நன்றாக இருக்கும் ஒரு பெருக்கி, முழுக் கச்சேரியில் சந்தைக்கடை இரைச்சலாக மாறுவதற்கு இதுவே காரணம்.

படகில் பிறந்த ஓர் எண்ணம்

இந்நோய்க்கு மருந்து, இசை ரசிகர்களிடமிருந்து வரவில்லை. தொலைபேசித் துறையிலிருந்து வந்தது. 1915 ஜனவரி 25-ஆம் நாள் நியூயார்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்குத் தொலைபேசித் தொடர்பு முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டது. நீண்ட கம்பியில் நலியும் பேச்சுக்கு வழியில் வால்வுப் பெருக்கிகள் உயிரூட்டின. ஆனால் ஒரே கம்பியில் பல பேச்சுகளை ஏற்றி, பல பெருக்கிகளை வரிசையாக வைத்தபோது, ஒவ்வொன்றின் சிதைவும் அடுத்ததில் பெருகி, இறுதியில் பேச்சுகள் ஒன்றோடொன்று கலந்தன.

இச்சிக்கலோடு ஆறு ஆண்டுகள் போராடியவர் ஹெரால்டு பிளாக் என்னும் இளம் பொறியாளர். 1927 ஆகஸ்டு 2-ஆம் நாள் காலை, வேலைக்குச் செல்ல ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்துகொண்டிருந்தபோது அவருக்கு விடை தோன்றியது. கையிலிருந்த ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் வெறுமையாக இருந்த ஓரிடத்தில் படமும் சமன்பாடும் எழுதிக் கையொப்பமிட்டார். எண்ணம் இதுதான்: வெளியீட்டின் ஒரு சிறு பகுதியை எடுத்து, உள்ளீட்டுக்கு எதிராகத் திருப்பி அனுப்ப வேண்டும். இதற்கு எதிர்ப் பின்னூட்டம் என்று பெயர்.

இதில் என்ன பயன்? உள்ளே வந்ததும் வெளியே போவதும் ஒரே வடிவில் இருந்தால், திருப்பி அனுப்பிய பகுதி பெருக்கத்தைக் குறைப்பதோடு நின்றுவிடும். ஆனால் பெருக்கி தானாகச் சேர்த்த சிதைவு உள்ளீட்டில் இல்லாதது. அது எதிர்த்திசையில் திரும்பி வந்து, மீண்டும் பெருக்கப்பட்டு, தன்னைத் தானே அழிக்கிறது. பெருக்கம் எத்தனை மடங்கு குறைகிறதோ, சிதைவும் ஏறத்தாழ அத்தனை மடங்கு குறையும். தேவைக்கு மேல் பத்து மடங்கு பெருக்கி, அந்தப் பத்து மடங்கையும் பின்னூட்டத்துக்குப் பலி கொடுத்தால், ஒரு சதவீதச் சிதைவு பத்தில் ஒரு சதவீதமாகிவிடும். அரும்பாடுபட்டுப் பெற்ற பெருக்கத்தை வேண்டுமென்றே எறிந்துவிடுவது அன்றைய பொறியாளர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகவே பட்டது. பிளாக் 1928-இல் விண்ணப்பித்த அமெரிக்கக் காப்புரிமை கைக்கு வர 1937 ஆயிற்று. பிரிட்டிஷ் காப்புரிமை அலுவலகம் இதை நிரந்தர இயக்கப் பொறிகளின் வரிசையில் வைத்துப் பார்த்ததாகப் பிற்காலத்தில் அவர் எழுதியிருக்கிறார்.

சந்தேகப்பட்டவர்களிடமும் நியாயம் இல்லாமல் இல்லை. திருமண மண்டபத்தில் மைக்கை ஒலிபெருக்கிக்கு எதிரே பிடித்தால் ‘கூ’ என்று அலறுவதை அனைவரும் கேட்டிருக்கிறோம். வெளியே போன ஒலி, சரியான கட்டத்தில் உள்ளே திரும்பி வருவதால் நேரும் விளைவு அது. பெருக்கிக்குள் இருக்கும் ஒவ்வொரு மின்தேக்கியும் சுருளும், எல்லை அதிர்வெண்களில் அலையை முன்னாகவோ பின்னாகவோ 90 பாகை வரை தள்ளிவிடும். இத்தகைய தள்ளல்கள் சேர்ந்து 180 பாகையை எட்டினால், எதிர்ப் பின்னூட்டம் என்று நாம் கொடுத்தது ஆதரவுப் பின்னூட்டமாக மாறிவிடும். அந்த அதிர்வெண்ணில் சுற்றுப் பெருக்கம் ஒன்றோ அதற்கு மேலோ இருந்தால் பெருக்கி அலையியற்றியாகி ஊளையிடும். இதற்கான விதியை நைக்விஸ்ட் 1932-இல் வகுத்தார்.

வில்லியம்சனின் கணக்கு

1930-களின் பிற்பகுதியில் வானொலிப் பெட்டிகளிலும் பின்னூட்டம் நுழைந்தது. ஆனால் பெரும்பாலும் மின்மாற்றியை வெளியே விட்டுவிட்டுத்தான். காரணம், மின்மாற்றியின் கட்டத் தள்ளல்களை யாராலும் அடக்க முடியவில்லை. அதற்குள் இசைத்தட்டுகள் முன்னே போய்விட்டன. டெக்கா கம்பெனி, போரின்போது நீர்மூழ்கிக் கப்பல்களின் ஒலியைப் பதிவு செய்வதற்காக வளர்த்த நுட்பத்தைக் கொண்டு, ஏறத்தாழ 14,000 ஹெர்ட்ஸ் வரை பதிவான தட்டுகளைப் போர் முடியும் தறுவாயில் வெளியிட்டது. தட்டில் இருந்ததை வீட்டில் கேட்க முடியவில்லை. ஹெரால்டு லீக் என்பவர் 1945-இல் பத்தில் ஒரு சதவீதச் சிதைவு என்று விளம்பரம் செய்து பெருக்கிகளை விற்கலானார். வில்லியம்சனும் அதே அளவைத் தம் இலக்காகக் கொண்டார். ஆனால் அதை எப்படி அடைவது என்பதை, விதிமுறைகளோடும் அளவுகளோடும், யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளும்படி எழுதிவிட்டார். அவர் சிறப்பு அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

வெளியீட்டில் அவர் வைத்தது கே.டி. 66 என்னும் இரண்டு வால்வுகள், மும்முனை வால்வுகளாக இணைத்து, ஒன்று தள்ள மற்றொன்று இழுக்கும் முறையில். இந்த ஏற்பாட்டில் இரு வால்வுகளின் நேர்மின்னோட்டமும் இரும்பில் ஒன்றையொன்று எதிர்த்து அழிந்துவிடும். இரண்டு, நான்கு போன்ற இரட்டைப்படை மடங்கு அதிர்வெண்களும் அழியும். பின்னூட்டத்தை அவர் ஒலிபெருக்கி முனையிலிருந்தே எடுத்து முதல் வால்வுக்குத் திருப்பினார். அதாவது மின்மாற்றியும் வளையத்துக்குள் வந்துவிட்டது. இரும்பின் குற்றமும் திருத்தப்படும். ஆனால் இரும்பு தவறினால் முழுப் பெருக்கியும் ஊளையிடும்.

இனி அந்த மின்மாற்றி எப்படி இருக்க வேண்டும்? வாசகர்கள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு சரிபார்க்கலாம். மும்முனையாக இணைத்த ஒரு கே.டி. 66-இன் உள் மின்தடை சுமார் 1,250 ஓம். இரண்டும் சேர 2,500. இது 10,000 ஓம் சுமையோடு பக்க இணைப்பில் 2,000 ஓம் ஆகிறது. முதன்மைச் சுருளின் மின்தூண்டல் 100 ஹென்றி என்றால், 2,000-ஐ 628-ஆல் வகுக்க, தாழ் எல்லை 3.2 ஹெர்ட்ஸ் என்று வருகிறது. உயர் எல்லைக்கு இரு மின்தடைகளையும் தொடராகக் கொள்ள வேண்டும்: 12,500 ஓம். கசிவுத் தூண்டல் 33 மில்லிஹென்றி என்றால் எல்லை 60,000 ஹெர்ட்ஸ். காது கேட்பது 20-இலிருந்து 20,000 வரை. மின்மாற்றியோ 3-இலிருந்து 60,000 வரை போக வேண்டும்! கேட்கவே முடியாத அதிர்வெண்களுக்கு ஏன் இத்தனை இரும்பும் செம்பும் என்று கேட்டவர்கள் உண்டு. கேட்கும் எல்லைக்குள் பின்னூட்டம் ஒழுங்காக வேலை செய்ய வேண்டுமானால், எல்லைக்கு வெளியே வெகுதூரம் வரை கட்டத் தள்ளல் அடங்கியிருக்க வேண்டும் என்பதே விடை.

நூறு ஹென்றிக்கு 33 மில்லிஹென்றி என்றால் மூவாயிரத்தில் ஒரு பங்கு கசிவு. சாதாரணமாக ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றினால் இது கிட்டாது. எனவே முதன்மைச் சுருளின் 4,400 சுற்றுகளைப் பத்துப் பகுதிகளாகவும், துணைச் சுருளை எட்டுப் பகுதிகளாகவும் பிரித்து, மாற்றி மாற்றி அடுக்கிச் சுற்றும்படி கட்டுரையில் விளக்கினார். ஒவ்வொரு முதன்மைப் பகுதிக்கும் பக்கத்தில் ஒரு துணைப் பகுதி ஒட்டிக்கொண்டிருப்பதால் கசிய இடமில்லை. கையால் சுற்றுபவருக்குப் பொறுமை மிக வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் இடைவெளி நூலிழைதான். தாழ்ந்த அதிர்வெண்ணில் கட்டத்தைத் தள்ளும் அமைப்புகள் அவர் பெருக்கியில் மூன்று: மின்மாற்றி ஒன்று, வால்வுகளை இணைக்கும் மின்தேக்கிகள் இரண்டு கட்டம். (மூன்றாவதொரு மின்தேக்கிக் கட்டத்தைத் தவிர்க்கவே அவர் முதல் இரண்டு வால்வுகளை நேரடியாக இணைத்தார்.) மூன்றும் ஒரே எல்லை அதிர்வெண் கொண்டவையாக இருந்தால், ஒவ்வொன்றும் 60 பாகை தள்ளும்போது மொத்தம் 180 ஆகிறது. அப்போது ஒவ்வொன்றிலும் அலை பாதியாகக் குறைந்திருக்கும்; மூன்றிலும் சேர்ந்து எட்டில் ஒரு பங்கு. ஆகவே சுற்றுப் பெருக்கம் எட்டுக்குக் கீழே இருந்தால்தான் பெருக்கி அமைதியாக இருக்கும். பத்து மடங்கு பின்னூட்டத்துக்கு வில்லியம்சனுக்கு வேண்டியதோ ஒன்பது! மின்மாற்றியின் எல்லையை மற்ற இரண்டிலிருந்து விலக்கி வைத்தால்தான் தப்பிக்கலாம். எவ்வளவு விலக்குகிறோமோ அவ்வளவு பாதுகாப்பு.

மலிவான மின்மாற்றியை வைத்து அமைத்தவர்கள் இதை அனுபவத்தில் கண்டார்கள். பெருக்கி ‘டப் டப்’ என்று மோட்டார் படகுபோல அடித்துக்கொள்ளும். அல்லது ஒலிபெருக்கியின் கூம்பு, காதுக்கு எதுவும் கேட்காமலே, மெல்ல முன்னும் பின்னும் மூச்சு விடுவதுபோல அசையும். சிலர் வால்வுகளை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். குற்றம் வால்வில் இல்லை. 1949-இல் வில்லியம்சனே சில திருத்தங்களை வெளியிட்டார்.

சரியாக அமைந்தபோது கிடைத்த ஒலி எப்படி? முழு 15 வாட்டிலும் சிதைவு பத்தில் ஒரு சதவீதத்துக்கு மேற்படவில்லை. இதோடு மற்றொரு நன்மையும் இருந்தது. ஒலிபெருக்கியின் கூம்பு ஒரு குறிப்பிட்ட தாழ்ந்த அதிர்வெண்ணில் ஊஞ்சல்போல இயல்பாக ஆடும். பெருக்கியின் உள் மின்தடை குறைவாக இருந்தால், ஆடும் சுருள் தானே மின்னோட்டம் உண்டாக்கி, அதனாலேயே தடையுண்டு நின்றுவிடும். மின்காந்தத் தடுப்பு என்று காலவனோமீட்டர் பாடத்தில் படிக்கிறோமே, அதுவேதான். பின்னூட்டம் இந்த உள் மின்தடையையும் குறைக்கிறது. பழைய வானொலிப் பெட்டிகளில் ஒற்றை ஐம்முனை வால்வு இருக்கும். அதன் உள் மின்தடை மிக அதிகம். மிருதங்கத்தின் தொப்பியில் ஒரு தட்டு விழுந்தால், தட்டு நின்ற பிறகும் கூம்பு ‘பொம்’ என்று நீட்டி முழக்கும். இதைத்தான் பலர் வால்வின் இனிமை என்று நினைவு வைத்திருக்கிறார்கள். தாத்தா வீட்டுப் பெட்டியின் மேல் அன்பு இருக்கட்டும். ஆனால் அந்த முழக்கம் மிருதங்கத்தில் இல்லாதது.

பின் வந்தவர்கள்

மும்முனை வால்வில் சிதைவு குறைவு, திறனும் குறைவு. ஐம்முனை வால்வில் திறன் அதிகம், சிதைவும் அதிகம். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இல்லையா? 1951 நவம்பரில் ஹாப்லர், கெரோஸ் என்னும் இரு அமெரிக்கர்கள் ஒரு வழியை வெளியிட்டார்கள். மின்மாற்றியின் முதன்மைச் சுருளில் ஏறத்தாழ 43 சதவீதச் சுற்றுகளில் ஒரு கிளை எடுத்து, அதை வால்வின் திரைக் கிரிட்டோடு இணைப்பது. இதன் அடிப்படையை இங்கிலாந்தில் ஆலன் புளூம்லைன் 1937-லேயே காப்புரிமை செய்திருந்தார். ஸ்டீரியோ ஒலிப்பதிவுக்கு 1931-இல் வழி வகுத்தவரும் அவரே. 1942-இல் ராடார் சோதனை ஒன்றின்போது விமான விபத்தில் அவர் மாண்டார். அப்போது அவருக்கு வயது 38. அவர் இருந்திருந்தால் இக்கதை இன்னும் விரைவாக நடந்திருக்கும்.

1953-இல் பீட்டர் வாக்கரின் குவாட் நிறுவனம் வெளியிட்ட பெருக்கியில் மின்மாற்றியின் ஒரு பகுதி வால்வின் எதிர்மின்வாயோடு இணைந்திருந்தது. 1954-இல் மல்லார்டு கம்பெனி ஐந்து வால்வுகளில் 10 வாட் தரும் எளிய சுற்று ஒன்றைப் பொதுமக்களுக்காக வெளியிட்டது. ஹாப்லர் தொடங்கிய டைனகோ கம்பெனி 1959-இல் இறக்கிய ஸ்டீரியோ பெருக்கி இலட்சக்கணக்கில் விற்றது. எல்லாவற்றையும் விவரிக்க இடமில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பேசப்பட்ட முன்னேற்றங்கள் யாவும், மின்மாற்றியில் எங்கே கிளை எடுப்பது, எப்படிச் சுற்றுவது என்பதைப் பற்றியவை. நம் நாட்டிலும் 1960-களில் பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் வானொலி வால்வுகளைச் செய்தது. வால்வு செய்வது அரிய தொழில்தான். ஆனால் அது ஆலையில் ஒரே சீராக நடந்துவிடும். மின்மாற்றியோ சுற்றுபவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது.

வில்லியம்சன் கட்டுரை வந்த அதே 1947-ஆம் ஆண்டு டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. குறைந்த மின்னழுத்தத்தில் மிகுந்த மின்னோட்டம் தரும் அதற்கு, ஒலிபெருக்கியோடு இணையத் தரகர் தேவையில்லை. 1956-இல் எச். சி. லின் வெளியிட்ட சுற்றோடு வெளியீட்டு மின்மாற்றியின் தேவை ஒழிந்தது. கசிவுத் தூண்டலும் இல்லை, இரும்பின் சிதைவும் இல்லை. ஆனால் முதல் தலைமுறை டிரான்சிஸ்டர் பெருக்கிகளுக்கு வேறொரு நோய் இருந்தது: அலை நேரிலிருந்து எதிருக்கு மாறும் கணத்தில் இரு டிரான்சிஸ்டர்களும் சற்றே உறங்கிவிடும். இது மெல்லிய ஒலியில்தான் அதிகமாக உறுத்தும். வால்வே இனிது என்ற பேச்சு அப்போது எழுந்தது. அன்றைக்கு அதில் உண்மையும் இருந்தது. 1973-இல் ரசல் ஹாம் என்பவர் அளந்து காட்டியபடி, அளவுக்கு மீறி ஓட்டும்போது வால்வும் டிரான்சிஸ்டரும் வேறு வேறு மடங்கு அதிர்வெண்களை உண்டாக்குகின்றன. நாம் முன்பு பார்த்த மேல் ஷட்ஜக் கணக்கு இங்கே பொருந்தும்.

பின்னர் பின்னூட்டமே வேண்டாம், ஒற்றை மும்முனை வால்வே போதும் என்னும் கட்சியும் கிளம்பிற்று. இரண்டாம் மடங்குச் சிதைவின் கனத்தை விரும்புகிறவர்கள் அதை விரும்பலாம், சுவைக்குத் தடையில்லை. ஆனால் அதை மூல இசைக்கு நெருக்கமானது என்று சொல்வது சரியாகாது. வில்லியம்சனின் குறிக்கோள் பெருக்கிக்கென்று ஒரு குரலே இருக்கக்கூடாது என்பது. நன்றாக அமைந்த வில்லியம்சன் பெருக்கியில் வால்வின் ‘இனிமை’யைத் தேடுகிறவர் ஏமாந்துபோவார். அவரோ பெருக்கிகளை விட்டுவிட்டு, எடின்பரோவின் பெராண்டி நிறுவனத்தில், எண்களால் இயங்கும் எந்திரக் கருவிகளை உருவாக்கப் போய்விட்டார். எந்திரத்தின் பிழையை அளந்து அதையே திருத்தமாகத் திருப்பி அனுப்பும் வேலையும் பின்னூட்டம்தானே! 1968-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1992-இல் அவர் மறைந்தார்.

இன்று அமைப்பவர்க்கு

ரஷ்யா, சுலோவாக்கியா, சீனா முதலிய நாடுகளில் வால்வுகள் இன்றும் தயாராகின்றன. ஆகவே பழைய பெருக்கியை வீட்டில் உயிர்ப்பிக்க விரும்புகிறவர்க்கு மேற்கண்ட வரலாறு வெறும் கதையன்று. பணத்தை எங்கே போடுவது? முதலில் மின்மாற்றியில்; அடுத்து ஒலிபெருக்கியில்; வால்வில் கடைசியாக. 15 வாட் போதுமா என்பதை ஒலிபெருக்கியே தீர்மானிக்கும். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 90 டெசிபல் தரும் ஒலிபெருக்கியும், 84 டெசிபல் தரும் ஒலிபெருக்கியும் கடையில் ஒரே மாதிரி தோன்றும். ஆறு டெசிபல் என்றால் நான்கு மடங்கு திறன். முன்னதில் 15 வாட் செய்யும் வேலைக்குப் பின்னதில் 60 வாட் வேண்டும். அக்காலத்துப் பெரிய பெட்டிகளுக்கு 15 வாட் போதியதாக இருந்ததில் வியப்பில்லை.

மின்மாற்றியின் பின்புறம் 4, 8, 16 என்று குறித்த முனைகளில், ஒலிபெருக்கியின் ஓம் அளவுக்குரிய முனையிலேயே இணைக்க வேண்டும். 4 ஓம் ஒலிபெருக்கியை 8 ஓம் முனையில் இணைத்தால் வால்வு காணும் சுமை பாதியாகிவிடும்; சிதைவு கூடும். மின்மாற்றியை மாற்றியதும் பெருக்கி அலறினால் அஞ்ச வேண்டாம். சுருளின் முனைகள் தலைகீழாகிப் பின்னூட்டம் ஆதரவாக மாறியிருக்கும். முதன்மைச் சுருளின் இரு கோடி முனைகளை மாற்றி இணைத்தால் சரியாகும். வெளியீட்டு வால்வுகளை இணையாக மாற்ற வேண்டும் என்பதற்கும் காரணம் இரும்புதான். இரு மின்னோட்டங்களும் சமமாக இல்லாவிட்டால் மிச்சம் இரும்பைக் காந்தமாக்கி, தாழ்ந்த சுரங்களைக் கெடுக்கும். பழைய காகித மின்தேக்கிகளை யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். அவை கசிந்தால் அடுத்த வால்வின் கிரிட் நேர்மின்னழுத்தம் பெற்று, நேர்மின்வாய்த் தகடு செந்நிறமாகக் காய்ந்துவிடும்.

இரைச்சல் இருந்தால் அதன் சுருதியைக் கேளுங்கள். 100 ஹெர்ட்ஸில் ‘ரீங்’ என்றால், மின்வழங்கியின் வடிகட்டும் மின்தேக்கி தளர்ந்திருக்கிறது. அதற்கு ஒரு ஸ்தாயி கீழே 50 ஹெர்ட்ஸில் முனகினால், இழைக்குப் போகும் கம்பியிலோ நில இணைப்பிலோ கோளாறு.

பெருக்கிக்குள் 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது என்பதை மறக்கலாகாது. உயிரைக் குடிக்கும் மின்னழுத்தம் அது. மின் செருகியைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். சில ஆயிரம் ஓம் மின்தடை ஒன்றைக் காப்பிட்ட கைப்பிடியோடு இணைத்து, மின்தேக்கியை வடித்து, மீட்டரால் அளந்து பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். ஒலிபெருக்கியை இணைக்காமல் பெருக்கியை ஓட்டவும் கூடாது. சுமையில்லாத முதன்மைச் சுருளில் எழும் மின்னழுத்தம் காப்பைத் துளைத்துவிடும். அப்புறம் அந்த 4,400 சுற்றுகளையும் மீண்டும் சுற்ற வேண்டியதுதான்.